ரொசாலியா அசையவே இல்லை

அத்தியாயம் ஏழு

வியாழக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு, பிர்னோ நகரின் வடக்குக் குன்றிலிருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் நின்று, கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் துப்பறிவாளர் பொரிவோய் ஷெபெஸ்தா இரண்டு முறை வாசித்தார். முதல் முறை பொருளுக்காக. இரண்டாம் முறை நடையழகுக்காக.

'நான்காம் மாடிச் சிலந்தி தப்பியோடிவிட்டது. இன்று மூன்று மணிக்குக் கட்டடம் முழுவதும் விஷப்புகை அடிக்கப்படும். கிளி, பூனை முதலிய வளர்ப்புகளை அவரவர் பொறுப்பில் வெளியேற்றிக்கொள்ளவும். ஹெட்விகா, குடியிருப்போர் குழுத் தலைவி.'

'பூனை'க்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் 'கணவர்' என்று சேர்த்திருந்தார்கள்.

"ஒரு சிலந்திக்கு எட்டு மாடிக்கும் புகையா பாஸ்? எங்க வீட்ல எலியே வந்துச்சு. அம்மா வெளக்குமாத்தோட முடிச்சிட்டாங்க" என்றாள் அவருடைய உதவியாளர் ஸ்தாஷா.

"இது தட்டு அளவுச் சிலந்தி, ஸ்தாஷா."

"எந்தத் தட்டு? காபித் தட்டா, சாப்பாட்டுத் தட்டா?"

"சாப்பாட்டுத் தட்டு."

"அப்ப புகை நியாயம்தான்."

ஷெபெஸ்தா இருபத்தாறு ஆண்டுகள் ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களுக்கான அலுவலகத்தை நிர்வகித்தவர். ஆயிரக்கணக்கான குடைகளையும் கணிசமான பல்செட்டுகளையும் உரியவரிடம் சேர்த்தவர். மனிதர்கள் பொருளைத் தொலைப்பதில்லை, பார்வையைத்தான் தொலைக்கிறார்கள் என்பது ஓய்வூதியத்தோடு அவருக்குக் கிடைத்த ஒரே ஞானம். ஸ்தாஷா அவரிடம் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சம்பளம் குறைவென்பதால், மீதியை அவரைக் கேலி செய்து ஈடுகட்டிக்கொண்டிருந்தாள்.

நான்காம் மாடியில் கதவைத் திறந்த பிளஜேனா, டிராம் ஓட்டுநரின் சீருடையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. அவளுக்குப் பின்னால் கணவன் லூபோமீர், காபித் தட்டையும் கசகசா ரொட்டியையும் ஏந்தியபடி, தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் ஒதுங்கி நின்றான். கோட்டு மாட்டும் ஆணியில் அவனுடைய மீன்பிடித் தொப்பி தொங்கியது.

சிலந்தி அறைக்குள் நாற்பத்திரண்டு கண்ணாடித் தொட்டிகள். நாற்பத்தொன்றில் நாற்பத்தொரு ராட்சதச் சிலந்திகள் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தன. இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடியே அதுதான். நாய் வளர்ப்பவர் அது ஓடுவதைக் காட்டுவார். கிளி வளர்ப்பவர் அது பேசுவதைக் காட்டுவார். இவற்றை வளர்ப்பவர்களோ விருந்தினரைக் கூட்டிவந்து, "பாருங்கள், நேற்றிருந்த அதே இடத்தில்!" என்று மெய்சிலிர்ப்பார்கள். விருந்தினரும் சிலிர்ப்பார்கள், காரணம் மட்டும் வேறு.

நாற்பத்திரண்டாவது தொட்டி காலி.

"என் ரொசாலியா" என்று பிளஜேனா தொடங்கினாள். "பதினாலு வருஷமா என்கூட இருக்கா. சனிக்கிழமை பண்பாட்டு மாளிகையில கண்காட்சி. போகவர ஒரு சின்னப் பெட்டி வச்சிருக்கேன், அதுக்குள்ள போகட்டும்னு காலையில தூரிகையால பின்னங்காலைத் தடவுனேன். எப்பவும் ஒரு அடி முன்னால வைப்பா. இன்னைக்கு உருண்டுட்டா."

"உருண்டாளா?" என்றாள் ஸ்தாஷா.

"கால் ஒண்ணு கழண்டு தண்ணிக் கிண்ணத்துல மிதந்துச்சு. எடுத்துப் பாத்தா, உள்ள உயிரே இல்ல. வெறும் சட்டை! போன வருஷம் அவ உரிச்ச சட்டை! யாரோ அதுக்குள்ள என்னத்தையோ அடைச்சு உக்கார வச்சிருக்காங்க. 'ரொசாலியாவைக் காணோமே'ன்னு மாடிப்படியில நின்னு கத்திட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

அவள் செய்த தப்பு கதவருகிலேயே கைகட்டி நின்றது. குழுத் தலைவி ஹெட்விகா.

"விதி விதிதான்" என்றார் ஹெட்விகா. "இவங்க இத்தனை பூச்சிய வளக்க நாங்க சம்மதிச்சதே ஒரு நிபந்தனையில. ஒண்ணு வெளிய வந்தாலும் மொத்தக் கட்டடத்துக்கும் புகை. கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"பூச்சி இல்லங்க, சிலந்தி."

"சாகும்போது ரெண்டும் ஒண்ணுதான்."

"மத்த நாப்பத்தொண்ணையும் வெளிய கொண்டுபோய் வச்சுட்டா?" என்று கேட்டாள் ஸ்தாஷா.

"வெளிய மைனஸ் எட்டு" என்றாள் பிளஜேனா. "படியிறங்குறதுக்குள்ள பாதி செத்துடும். உள்ள இருந்தா முழுசும் செத்துடும்."

ஷெபெஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். "சிலந்தி தப்பிக்கலை, யாரோ எடுத்துட்டாங்கன்னு மூணு மணிக்குள்ள நிரூபிச்சா?"

"ஆளைக் காட்டுங்க, இல்ல சிலந்தியக் காட்டுங்க. சும்மா கதை சொல்லாதீங்க" என்றார் ஹெட்விகா.

"கஷ்டம்தான் மேடம்" என்றாள் ஸ்தாஷா. "கதை சொல்லாம இருக்க இவருக்குத் தெரியாது."

போலி ரொசாலியா செய்தித்தாளின்மேல் கிடந்தாள். ஷெபெஸ்தா இடுக்கியால் அதைப் புரட்டினார். கண்ணுக்குத் தெரியாத நூலால் மூட்டுகள் தைக்கப்பட்டு, ஒவ்வொரு தையலும் மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது. வயிற்றுக்குள் சாயமேற்றிய முயல் ரோமம். அடிப்புறத்தில், யாரும் பார்க்க வாய்ப்பில்லாத இடத்தில், சிவப்பு நூலில் மிளகளவு ஒரு முடிச்சு.

"இவ்வளவு நல்லா என் கோட்டைக்கூட யாரும் தச்சுக் குடுத்ததில்ல" என்றாள் ஸ்தாஷா.

"இந்தச் சட்டை எங்க இருந்துச்சு?"

பிளஜேனா ஓர் இழுப்பறையைத் திறந்தாள். சாக்லேட் பெட்டிகள் வரிசையாக இருந்தன. குழந்தையின் முதல் முடியைப் பொத்திவைக்கும் தாயைப்போல, சிலந்தி வளர்ப்பவர்கள் அவை உரித்த சட்டையை ஆண்டு குறித்துப் பொத்திவைப்பார்கள். போன ஆண்டுப் பெட்டியில் பஞ்சு மட்டும் இருந்தது.

"யார்னு எனக்குத் தெரியும்" என்றாள் பிளஜேனா. "எங்க சங்கத் தலைவர் அலோயிஸ். மூணு வருஷமா அவரோட சிலந்தி ரொசாலியாகிட்ட தோத்துட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை சோதனைக்குன்னு வந்தாரு."

அலோயிஸ் அடுத்த கட்டடத்திலேயே குடியிருந்ததால், தொலைபேசியில் அழைத்த ஏழாவது நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு, கனத்த கண்ணாடி, அவற்றைவிடக் கனத்த ஒரு பதிவேடு.

"நான் திருடுனேனா?" என்று அவர் இரைந்தார். "இருபத்தஞ்சு வருஷ அனுபவம்! ஞாயித்துக்கிழமை நாப்பத்தஞ்சு நிமிஷம் அவ முன்னாடி உக்காந்து பாத்தேன். அசல் ரொசாலியா! என் கையால எழுதியிருக்கேன், படிங்க!"

ஷெபெஸ்தா பதிவேட்டை உரக்க வாசித்தார்: "'மெருகு நன்று. நிற்கும் தோரணை மிக நன்று. நிதானம்: சென்ற ஆண்டைவிடப் பெரும் முன்னேற்றம்.'"

"அப்ப களவு ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்தான்" என்றார் அலோயிஸ், வெற்றியோடு. "அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள யார் வந்தா?"

எல்லாருடைய பார்வையும் மெல்லத் திரும்பியது. திங்கட்கிழமை வெப்பக்குழாய் அளவைக் குறிக்க, பொதுச் சாவியோடு உள்ளே வந்தவர் ஒருவர்தான்.

ஹெட்விகாவின் முகம் பீட்ரூட்டானது. "நானா? இந்தக் கருமத்தைக் கையால தொடுவேனா? கனவுல வந்தாலே செருப்ப எடுப்பேன்!"

"அதான! உங்களுக்குப் புகை அடிக்க ஒரு சாக்கு வேணும்" என்று சீறினாள் பிளஜேனா. "எட்டு வருஷமாக் காத்துட்டு இருந்தீங்க!"

"ஆமா, எட்டு வருஷமா இந்தப் படியில பயந்துக்கிட்டே ஏறுறேன். வயசான காலத்துல எனக்கு அது தேவையா?"

மணி இரண்டு இருபது. கீழே ஒரு வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது. லூபோமீர் சன்னலருகே போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"பாஸ், புகைக்காரங்க வந்தாச்சு" என்று ஸ்தாஷா காதோடு சொன்னாள். "நீங்க இன்னும் ரொட்டியத்தான் துப்பறிஞ்சுட்டு இருக்கீங்க."

ஷெபெஸ்தா கசகசா ரொட்டியை நிதானமாக முடித்துக் கையைத் துடைத்தார்.

"ஒரு குளத்துல ஒரு கொக்கு இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

"போச்சு" என்றாள் ஸ்தாஷா.

"தினமும் நாலு மீனைத் தின்னும். ஒருநாள் அது வேற குளத்துக்குப் பறந்து போயிருச்சு. குயவன் ஒருத்தன் விளையாட்டா ஒரு மண் கொக்கைச் செஞ்சு அதே இடத்துல நிறுத்திட்டான். ஒரு வாரமா மீன் ஒண்ணும் சாகலை. மீன்களெல்லாம் கூட்டம் போட்டு, 'நம்ம கொக்கு திருந்திருச்சு'ன்னு நன்றித் தீர்மானம் போட்டுச்சாம். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிச்ச மீனுக்கு இருபத்தஞ்சு வருஷ அனுபவம்."

அலோயிஸின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. "என்ன சொல்ல வரீங்க?"

"மேடம், தினமும் ரொசாலியாவைப் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புவீங்கதானே? போனைக் கொஞ்சம் குடுங்க."

ஷெபெஸ்தா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு, சனி. வெள்ளிக்கிழமைப் படத்தில் நின்றார்.

"இதுல அவ முதுகுமேல என்ன?"

"கரப்பான்" என்றாள் பிளஜேனா. "சாப்பிடுறாளான்னு பாக்க வாரம் ஒண்ணு போட்டுப் பாப்பேன். சட்டை உரிக்கப் போற காலத்துல சாப்பிட மாட்டாங்க, நாமளும் தொடக் கூடாது. சாப்பிடலை. மறுநாள் எடுத்துட்டேன்."

"முதுகுமேல ஏறி உக்காந்து மீசையத் தடவிக்கிட்டு இருக்கு" என்று ஸ்தாஷா திரையை எட்டிப் பார்த்தாள். "கீழ நாப்பத்தேழு பேர் இதயம் போட்டிருக்காங்க. 'என்ன பொறுமை! என்ன பெருந்தன்மை!' இது அலோயிஸ் ஐயா எழுதுனது."

"உங்க யார் கண்ணுக்கும் தெரியாதது கரப்பானுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் ஷெபெஸ்தா. "வெள்ளிக்கிழமையே இது பொம்மைதான். இன்னும் பின்னால போவோம். வியாழன், புதன், செவ்வாய். எட்டுக் காலும் ஒரு மயிரிழைகூட நகரலை. திங்கட்கிழமை, அதாவது பத்து நாளைக்கு முன்னாடி, அந்த மூலையில இருக்கா. அப்ப மாத்துனது போன வாரச் செவ்வாய்க்கிழமை. அலோயிஸ் ஐயா ஞாயித்துக்கிழமை நாப்பத்தஞ்சு நிமிஷம் பாத்து ரசிச்சது முயல் ரோமத்தை."

நாற்பத்தொரு சிலந்திகள் வழக்கம்போல் கருத்துத் தெரிவிக்கவில்லை.

இது வேறு எந்த வளர்ப்புப் பிராணி விஷயத்திலும் நிகழ முடியாத பிழை. பஞ்சடைத்த பொம்மை நாயை ஒன்பது நாள் எவரும் கொஞ்ச மாட்டார்கள். அசையாமையையே அழகென்று பயின்றவர்களுக்கு மட்டும்தான், முழுமையாக அசையாத ஒன்று முழுமையான அழகாகத் தோன்றும்.

"ஒன்பது நாளா..." பிளஜேனா நாற்காலியில் சரிந்தாள். "தினம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அது முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டு இருந்தேனே."

"செவ்வாய்க்கிழமை நீங்க வேலையில. வீட்டுல யார்?" என்று கேட்டார் ஷெபெஸ்தா. பதிலுக்குக் காத்திராமல் நடைக்குப் போய், ஆணியிலிருந்த மீன்பிடித் தொப்பியை எடுத்துவந்தார். தொப்பியைச் சுற்றிலும் இறகாலும் ரோமத்தாலும் கட்டிய பொய் ஈக்கள் குத்தியிருந்தன. ஆற்றுமீனை ஏமாற்றுவதற்கென்று தூண்டில்காரர்கள் கையால் கட்டுபவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூலில் மிளகளவு ஒரு முடிச்சு.

"கலைஞனால கையெழுத்துப் போடாம இருக்க முடியாது" என்றார்.

எல்லாரும் லூபோமீரைப் பார்த்தார்கள். அவன் காபித் தட்டை மேசையில் வைத்தான்.

"நான் திருடலை பிளஜேனா. நான்... கொன்னுட்டேன்."

"என்ன?"

"வீட்டுக்குள்ள எதையும் பீச்சக் கூடாதுன்னு சொல்லியிருந்த. அன்னைக்கு மீன்பிடி பூட்ஸுக்கு அந்தத் தண்ணி புகாத மருந்தைப் பக்கத்து ரூம்ல அடிச்சேன். ஒரே ஒரு தடவைதான். அரைமணி கழிச்சு வந்து பாத்தா மல்லாந்து கிடக்கறா. எட்டுக் காலும் மேல. உனக்குச் சொல்ல தைரியம் வரலை. பதினாலு வருஷம் வளத்தது. நீ தாங்க மாட்டன்னு நெனச்சேன். கண்காட்சி முடியட்டும்னு..."

"அதனால பொய் ஈ கட்டுற மாதிரி பொய் ரொசாலியா கட்டிட்டீங்க" என்றாள் ஸ்தாஷா. "எங்க பக்கமெல்லாம் இதுக்குப் பூங்கொத்து வாங்கிக் குடுத்து மன்னிப்புக் கேப்பாங்க."

ஆனால் பிளஜேனா அழவில்லை. கணவனை வெறித்துப் பார்த்தபடி மெல்ல எழுந்தாள்.

"மல்லாந்தா கிடந்தா?"

"ஆமா."

"காலெல்லாம் விரிஞ்சு?"

"ஆமா பிளஜேனா, சாவுன்னா அப்படித்தானே..."

"செத்த சிலந்தி காலை மடக்கிக் குப்புறக் கிடக்கும், மடையா! மல்லாந்து படுத்தா சட்டை உரிக்கிறான்னு அர்த்தம்! இருபது வருஷமா சாப்பாட்டு மேசையில எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

லூபோமீர் பழக்கத்தில் தலையை ஆட்டினான். இருபது ஆண்டுகளாக அந்த மேசையில் அவன் தலையை மட்டும்தான் ஆட்டிவந்திருந்தான் என்பதற்கு வேறு சாட்சியம் தேவைப்படவில்லை.

"அவளை எங்க? எங்க வச்ச?"

"புதைக்கலாம்னுதான் இருந்தேன். தோட்டத்துல மண்ணு இரும்பா உறைஞ்சு கிடக்கு. உறைபனி உருகட்டும்னு தூண்டில் புழு வாளியில ஈரப்பாசி போட்டு, கேக் தட்டால அப்படியே தள்ளி உள்ள வச்சு... கீழ்த்தளத்துல, நம்ம சாமான் அறையில."

"அது கொதிகலன் பக்கம் ஆச்சே" என்றார் ஹெட்விகா. "பொணத்தைப் போய்ச் சூட்டுலயா வைப்பாங்க?"

லூபோமீர் தலைகுனிந்தான். "வெயில் நாட்டுலேர்ந்து வந்தவ. குளிர்ல கிடக்க வேணாம்னு தோணுச்சு."

ஷெபெஸ்தாவின் முகம் முதன்முறையாக மாறியது. "ஹெட்விகா அம்மா, புகையை எங்கிருந்து ஆரம்பிப்பாங்க?"

"கீழ்த்தளத்துலேர்ந்து" என்றார் அவர். "இந்நேரம் கதவுக்கு நாடா ஒட்டியிருப்பாங்க."

மணி இரண்டு நாற்பத்தெட்டு.

லிஃப்ட் ஆறாம் மாடியில் யாரோ ஒருவருடைய கிளிக்கூண்டுக்காகக் காத்துநின்றது. ஆறு பேரும் படியில் ஓடினார்கள். அலோயிஸ் மட்டும் பதிவேட்டோடு பின்தங்கினார். ஆள் கனமா, அனுபவம் கனமா என்று சொல்வது கடினம்.

கீழே முகமூடியணிந்த இருவர் கொதிகலன் அறைக் கதவின் கடைசி விளிம்புக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்திய குரல் ஹெட்விகாவுடையது. கூப்பிட்டவரே நிறுத்தச் சொன்னதால் முகமூடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பிளஜேனா நாடாவைக் கிழித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சாமான் அறையில், வெப்பக்குழாயின் அடியில், பச்சை வாளி ஒன்று இருந்தது. புழுக்கள் மூச்சுவிடுவதற்காக மூடியில் துளைகள்.

லூபோமீர் மூடிவரை கையைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "என்னால முடியாது. உயிரோட இருந்தாலும் பயம், செத்திருந்தாலும் பயம்."

பிளஜேனா திறந்தாள்.

பாசியின்மேல் ஒரு பழைய சட்டை, திறந்த பெட்டிபோல் கிடந்தது. அதன் பக்கத்தில், பளபளக்கும் புது ரோமத்தோடு, முன்னைவிடப் பெரிதாக, காபிக்கொட்டை நிறத்தில் ரொசாலியா அமர்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் முன்கால் ஒன்றைத் தூக்கி, மெதுவாக ஓர் அடி வைத்தாள்.

ஹெட்விகா எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். "ஒண்ணைத் தேடினோம், இங்க ரெண்டு இருக்கே!"

"ஒண்ணுதாங்க. இன்னொன்னு அவ கழட்டிப் போட்டது" என்றாள் பிளஜேனா. அழுகை இப்போதுதான் வந்தது.

"மேடம்" என்றாள் ஸ்தாஷா, ஹெட்விகாவின் பக்கம் திரும்பி. "நிபந்தனை என்ன? வெளிய வந்தா புகை. இவ தொட்டியிலேர்ந்து தட்டுக்கு, தட்டுலேர்ந்து வாளிக்கு. வாளிக்கு மூடி உண்டு. தானா ஒரு அடிகூட வெளிய எடுத்து வைக்கலை. உங்க குழுவுல இவ்வளவு விதிக்குக் கட்டுப்பட்ட உறுப்பினர் வேற யாராச்சும் உண்டா?"

ஹெட்விகா நெடுநேரம் வாளியைப் பார்த்தார். தம் காலடிக்குக் கீழே ஒன்பது நாள் குடியிருந்த பயத்தை நேரில் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் முறை. பிறகு புகைக்காரரின் தாளை வாங்கி, குறுக்கே கோடிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"ஆனா வாளியை மூடுங்க" என்றார். "சீக்கிரம்."

படியேறும்போது பிளஜேனா வாளியை மார்போடு அணைத்திருந்தாள். லூபோமீர் ஐந்து படி பின்னால் வந்தான்.

"ஒன்பது நாள் முயல் ரோமத்துக்கிட்டப் பேசவிட்டுட்டு சும்மா இருந்திருக்க."

"சும்மா இல்ல. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். மனசு உறுத்துச்சு."

"பொய். போன வியாழக்கிழமை என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்."

"பிரேக் மிதிச்சு மிதிச்சு வலது முட்டி வலிக்குதுன்னு சொன்ன. டாக்டர்கிட்ட போகப் பயமா இருக்குன்னு சொன்ன." அவன் ஒரு படி ஏறினான். "வீட்ல ஒருத்தர்கிட்டச் சொன்னா அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான்னும் சொன்ன."

பிளஜேனா நின்றாள். பிறகு மெல்ல ஏறத் தொடங்கினாள். மூன்றாம் மாடி வந்தபோது ஐந்து படி இடைவெளி இரண்டாகியிருந்ததை ஷெபெஸ்தா மட்டும் கவனித்தார். பொருள் உரியவரிடம் சேரும் வேளையில் அலுவலர் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பழைய அலுவலக மரபு. அப்படியே வேறு பக்கம் பார்த்தார்.

சனிக்கிழமைக் கண்காட்சியில் ரொசாலியாவுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. மதிப்பீட்டின்போது அவள் ஒருமுறை நகர்ந்துவிட்டாளாம். அலோயிஸ் பதிவேட்டில் எழுதினார்: 'மெருகு மிக நன்று. நிதானம்: சென்ற ஞாயிற்றுக்கிழமையை ஒப்பிட, வருந்தத்தக்க சரிவு.'

பிளஜேனா முறையிடவில்லை. காலை ஒட்டவைத்த போலி ரொசாலியாவைச் சமையலறை மேசையில் வைத்திருக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் அதன் முன்னால் அமர்ந்து அன்றைய பாடுகளையெல்லாம் அதனிடம்தான் சொல்கிறாள். அதனிடம் சொன்னால்தான் லூபோமீர் காதில் விழுகிறது.